ஒற்றைக்கண் சாம்பியனின் வக்கீல்

டிபன் பாக்ஸ் மூடி பழைய குத்துச்சண்டை சாம்பியன். தண்ணீர் பாட்டில் புதிய சாம்பியன். இரண்டையும் மேசையில் எதிரெதிரே நிறுத்திவிட்டு, அத்தான் என் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கி நடுவராகப் படுக்க வைக்கிறார். "இப்ப சொல்லு மாப்ளே. இவனும் அவனும் ஒரே நாள்ல ஒரே மேடையில நின்னா யாரு ஜெயிப்பா?" சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. ஸ்பூன் இல்லாதவன் என்னத்தைச் சொல்ல?

அத்தான் என் அக்காவின் கணவர். தரை டைல்ஸ் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இரண்டு இரும்புக் கரங்களை முன்னால் நீட்டிக்கொண்டு, டைல்ஸ் பெட்டிகள் அடுக்கிய மரத்தட்டுகளைத் தூக்கி அடுக்குமாடி உயரத்துக்கு வைக்கும் வண்டி. அதே கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவில் நான் இருப்பது என் தலையெழுத்து. வீட்டுக்குப் போனாலும் விடுதலை கிடையாது. அவர்கள் மாடியில், நாங்கள் கீழே.

குத்துச்சண்டையில் எத்தனையோ எடைப் பிரிவுகள் உண்டு. அத்தானுக்கு மிடில்வெயிட்டைத் தவிர மற்றதெல்லாம் சண்டையே இல்லை. எழுபத்திரண்டரை கிலோவுக்கு மேல் போகக் கூடாது. "மேல இருக்கறவன்கிட்ட வெறும் பலம். கீழ இருக்கறவன்கிட்ட வெறும் வேகம். ரெண்டும் சேந்து இருக்கறது இங்க மட்டுந்தான்." தானும் இன்னும் அந்த எடைதான் என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்கத் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் பார்சல் தராசில் ஏறுவார். முள் தாண்டினால் ஷூவைக் கழற்றுவார். பிறகு பெல்ட், பிறகு சாவிக்கொத்து. ஒருநாள் கைக்கடிகாரத்தையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பின்னால் பார்சலோடு ஆட்கள் காத்திருந்தார்கள்.

அவருடைய பழைய சாம்பியன் நூறு வருடத்துக்கு முந்திய ஆள். முந்நூறு சண்டை போட்டவராம். புதியவர் நாற்பதுதான் போட்டிருக்கிறார், ஆனால் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. யார் பெரியவர்? தொல்லை விட்டால் போதும் என்று ஒருமுறை பழையவர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "அவன் எத்தனை தடவை தோத்திருக்கான் தெரியுமா? பேச வந்துட்டான்!" மறுநாள் புதியவர் என்றேன். "முதல் நாளே எடை பாத்துட்டு, ராத்திரி பூரா தின்னுட்டு, மறுநாள் அஞ்சாறு கிலோ ஏறி வந்து நிக்கறான். அந்தக் காலத்துல அன்னிக்கே எடை, அன்னிக்கே சண்டை. பதினஞ்சு ரவுண்டு! இவனுக்குப் பன்னெண்டுலயே மணி அடிச்சுடறாங்க." சரி, இரண்டு பேரும் சமம் என்றேன். "தீர்ப்பு சொல்லத் தெரியாதவன்தான் சமம்பான்." எந்தப் பக்கம் போனாலும் எதிர்ப்பக்கத்தில் வந்து நிற்கும் மனிதரிடம் வாயைக் கொடுத்தது என் தப்பு.

இதில் பெரிய வேடிக்கை, அந்தப் பழையவர் மோதியதை எடுத்த படச்சுருள் ஒரு துண்டுகூட மிச்சமில்லையாம். அதையும் இவரே சொல்கிறார். "அப்ப நீங்களும் பாத்ததில்லையே அத்தான்?" என்றால், "உன் கொள்ளுத்தாத்தாவை நீ பாத்திருக்கியா? இல்லாமலா போயிட்டாரு?" என்கிறார். இப்படிப்பட்டவரோடுதான் நான் தினமும் சாப்பிடுகிறேன்.

வீட்டில் அக்காவோடு நடக்கும் சண்டைக்கும் அவரே மதிப்பெண் போடுவார். அக்கா கத்தி முடித்ததும் மாடிப்படியில் நின்றபடி என்னிடம், "இந்த ரவுண்டு உங்கக்காவுக்கு. அவளுக்குப் பத்து, எனக்கு ஒம்போது" என்று அறிவிப்பார். அக்காவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். "ஒரு மனுஷனைக் கட்டிக்கிட்டோம்னு நெனச்சேன்டா. கூடவே முப்பது பேரு வீட்டுக்குள்ள வந்துட்டானுங்க!"

தோற்றவர்களை அத்தான் மன்னித்துவிடுவார். விழுந்தவர்களையும் மன்னிப்பார். ரவுண்டுக்கு நடுவே இளைப்பாற மூலையில் போடும் ஸ்டூலைவிட்டு, அடுத்த மணி அடித்த பிறகும் எழுந்திருக்காதவனைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. "ஸ்டூல்ல உக்காந்துட்டவனை என்கிட்டப் பேசாதே."

பழையவருக்கு வாதாடும் நாட்களில் கடைசிச் சீட்டாக ஒன்றை இறக்குவார். "அந்த ஆளுக்கு ஒரு கண்ணு தெரியாது மாப்ளே. டாக்டருக்கே தெரியாம மறைச்சுட்டான். கண் டெஸ்ட்ல முன்னால நிக்கறவன் எழுத்து போர்டைப் படிப்பான் பாரு, அதைக் கேட்டே எழுத்தெல்லாம் மனப்பாடம். ஒத்தக் கண்ணோட சாம்பியன்! ரெண்டு கண்ணு இருக்கறவனை இவனோட எப்படி எடை போடுவே?" கொஞ்ச காலமாக இந்தக் கதை வாரத்துக்கு நாலு தடவை வந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். கெட்டில் மூக்கு கோணல் என்றார். வண்டியின் இடது கரம் ஒரு பெட்டியைக் கிழித்து டைல்ஸ் சிதறியது. அடுக்கியவனைத் திட்டினார். மேசையில் என்னை எப்போதும் தன் வலப்பக்கமே உட்காரச் சொன்னார். பிறகு ஒரு மத்தியானம், நடுவருக்காக என் ஸ்பூனைப் பிடுங்க வந்த கை, ஸ்பூனுக்கு நாலு விரல் தள்ளி வெறும் காற்றைப் பிடித்தது. நான் ஸ்பூனை மெல்ல அவருடைய இடப்பக்கம் கொண்டுபோய் ஆட்டினேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் கிடங்கில் எல்லோருக்கும் கண் பரிசோதனை. கண் சரியில்லை என்றால் வண்டியைவிட்டு இறக்கிவிடுவார்கள். அந்த வண்டியை வேறு யாராவது கழுவினால்கூட அத்தானுக்குப் பிடிக்காது.

அன்று மாலையே வண்டி நிறுத்தும் இடத்தில் அவரைப் பிடித்தேன். "இடது கண்ணு தெரியலதானே?"

"கொஞ்சம் மங்கல். அவ்வளவுதான்."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"போனா வண்டியை வாங்கிடுவாங்கடா. அவன் ஒத்தக் கண்ணோட எத்தனை வருஷம்..."

அத்தனை நாள் பொறுத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரோட மோதினவன் மூஞ்சிக்கு நேரா நின்னான் அத்தான். கையில கிளவுஸ் மாட்டிக்கிட்டு, அடி வரும்னு தெரிஞ்சு நின்னான். நம்ம லோடிங் ஆளுங்க உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நடக்கறாங்க! அவரையும் உங்களையும் எப்படி எடை போடுவீங்க? நாளைக்கு நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

எதிர்ப்பக்கம் போக அவருக்கு இடமிருந்தது. போகவில்லை. வண்டியின் இருக்கையை வெறும் கையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று வீட்டுக்கு நடக்கும்போது ஒரு சாம்பியனும் எங்களோடு வரவில்லை. அத்தனை வருடம் வாயை மூடமாட்டாரா என்று ஏங்கியவன் நான்தான்.

மறுநாள் அலுவலக அறையில் சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருந்தது. தரையில் ஒரு கோடு. கோட்டில் நின்று படிக்க வேண்டும். வரிசையில் எனக்குப் பின்னால் அத்தான். என் முறை வந்தது. நான் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க, பின்னாலிருந்து அதே எழுத்து முணுமுணுப்பாக வந்தது. திரும்பி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கடைசி வரியையும் முடித்துவிட்டு ஒதுங்கினேன்.

அத்தான் கோட்டில் போய் நின்றார். பரிசோதிக்க வந்த பெண் இடது கண்ணை மூடச் சொன்னாள். வலது கண்ணால் அடி வரி வரைக்கும் மடமடவென்று ஒப்பித்தார். "இப்ப வலது கண்ணை மூடிக்குங்க சார். மேலேர்ந்து படிங்க."

வலது கண்மேல் உள்ளங்கையை வைத்தார். விரல்களுக்கு நடுவே இருந்த இடுக்கையும் இறுக்கி அடைத்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. முதல் வரி, இரண்டாவது வரி, எல்லாம் அவருக்குத் தெரியும். சத்தம் மட்டும் வரவில்லை.

"படிங்க சார்."

"தெரியலம்மா" என்றார். கையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே இன்னொரு கையால் பக்கத்தில் துழாவி, மூலையிலிருந்த ஸ்டூலைக் கண்டுபிடித்து, இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.