தொழுகையைத் தொகையாக்கிய மெஷின்

1. புரூஃப் பார்த்த காலை

"‘ஐந்து நேரத் தொகையைத் தவறாமல் நிறைவேற்ற வேண்டும்.’ நானா, இது என்ன, நோன்புப் புத்தகமா, வட்டிக் கடை நோட்டீஸா?"

மாஸ்டர் அப்படிச் சத்தமாக வாசித்தபோது நான் பேப்பர் அலுமாரிக்குப் பின்னால்தான் இருந்தேன். என் கொம்பியூட்டர் மேசை அங்கேதான். வாடிக்கையாளர் கண்ணில் படாத இடம் என்று நானே கேட்டு வாங்கிய இடம். ஆட்கள் முன்னால் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம்.

நான் வேலை செய்தது மாத்தளை டவுனில் ஒரு சின்னப் பிரஸ்ஸில். முதலாளி முஸ்லிம் ஆள்; அண்ணன் என்கிற மாதிரி, எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். நான் படித்தது தோட்டத்துப் பாடசாலையில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும். பிரஸ்ஸில் சேர்ந்தது தாள் மடித்து, அடுக்கி, கம்பிப் பின் அடிக்கிற பைண்டிங் வேலைக்கு. டைப்செட்டிங் செய்தவர் திடீரென்று டுபாய்க்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்று தாள் அடுக்கிக்கொண்டே அவர் கை போகிற இடத்தையெல்லாம் பார்த்திருந்தேன். நானா என்னைக் கூப்பிட்டு, "செலினா புள்ள, ஒக்காரு. தெரிஞ்சதச் செய்" என்றார். அப்படித்தான் உட்கார்ந்தேன். மெனுவில் இருக்கிற இங்கிலீஷ் சொல் எனக்கு வாசிக்க வராது. மேலே இடது பக்கம் ரெண்டாவது, கீழே இறங்கி நாலாவது என்று இடத்தை வைத்துத்தான் தெரியும்.

எங்கள் மெஷின் ஆப்பிள் மெக். மாஸ்டருடையது விண்டோஸ். மாஸ்டர் யட்டவத்தைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறவர். ஊர்ப் பள்ளிவாசலுக்காக நோன்பைப் பற்றி நூறு பக்கத்துக்கு மேல் அவரே டைப் பண்ணி, பிளொப்பியில் கொண்டு வந்து தந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். அப்போது இந்த ரெண்டு மெஷினும் முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள் மாதிரி. ஒன்றில் அடித்தது மற்றதில் திறந்தாலும் ஒழுங்காக வராது.

இரண்டிலும் தமிழ் ஃபொன்ட் ஒரே பேரில் இருந்தது. பேரை நம்பினோம். திறந்து பார்த்தால் முக்கால்வாசி எழுத்து சரியாகவே வந்தது. ‘ழ’வும் ‘ழு’வும் மட்டும் மெக்கில் வெற்றிடம்கூட விடாமல் காணாமல் போயிருந்தன. ரமழான் ‘ரமான்’ ஆகிவிட்டது. தொழுகை ‘தொகை’. எழுந்து ‘எந்து’.

"நான் தொழுகைண்டுதானே அடிச்சேன்! ஏன்ட கண்ணால பாத்தேன்" என்றார் மாஸ்டர்.

"அப்ப வழியில எங்கயோ விழுந்திருக்கும். பஸ்ல தேடிப் பாத்தீங்களா?" என்றார் நானா.

ஒரு எழுத்து வேறொன்றாக மாறியிருந்தால் மெஷினிடமே தேடச் சொல்லி மாற்றிவிடலாம். இது இல்லாமலே போய்விட்டது. இல்லாத ஒன்றை மெஷின் எப்படித் தேடும்? உண்மையாகவே ‘தொகை’ என்று வருகிற இடமும் இருந்தது. அது ஸகாத் என்கிற ஏழை வரி பற்றிய பகுதி.

2. நானாவுடைய யோசனை

நோன்பு பிறக்க முன்பே புத்தகம் ஊருக்குப் போக வேண்டும். மறுபடி முழுவதையும் அடிக்க நாள் போதாது. மாஸ்டர் நல்ல மனுஷன், ஆனாலும் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நானா, பேசாம இத வித்துட்டு ஒரு விண்டோஸ் வாங்குங்க. எங்கட பக்கம் அதுக்கே கோர்ஸ் செஞ்ச புள்ளைகள் நெறைய ஈக்கி."

நானா அலுமாரிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். கோர்ஸ் செய்த பிள்ளை வந்தால் நான் திரும்பப் பின் அடிக்கத்தான் போக வேண்டும். பைண்டிங் வேலை குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதிரை எனக்குப் பிடித்துப் போயிருந்தது. என் கையால் அடித்த எழுத்து தாளில் வருவதைப் பார்ப்பது ஒரு தனிச் சந்தோஷம்.

நானா மெக் வாங்கிய கண்டிக் கடைக்கு ஃபோன் பண்ணினார். பேசப் பேச அவர் முகம் கோணிக்கொண்டே போனது. ஃபோனை வைத்துவிட்டுச் சொன்னார்: "அவன் சொல்றான், மெக்குக்கு உள்ளுக்கே விண்டோஸ ஓட்டலாமாம். அதுக்கு ஒரு சீடி ஈக்காம். எனக்கிண்டா நம்பிக்கை இல்ல. வீட்டுக்குள்ள வாடக வீடா?"

"பாத்துரலாமே நானா" என்றார் மாஸ்டர்.

"சரி. இதும் சரி வரல்லண்டா மெஷின வித்துருவேன். செலினா புள்ள, நீதான் கண்டிக்குப் போகோணும். மெஷின் தெரிஞ்ச ஆளு வந்தாத்தான் போடுற விதத்தக் காட்டித் தருவானாம்."

அதுவரைக்கும் ஒரு கடையில் சீனி விலை கேட்கவே பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிற ஆள் நான்.

3. தட்டுக்குள்ளே என்ன

கண்டிக் கடைக்காரர் பொறுமைசாலி. "எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராதுங்க. எந்த இடத்துல அமத்துறதுன்னு காட்டுனாப் போதும்" என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் ரெண்டு தரம் செய்து காட்டினார். மூன்றாம் தரம் நானே செய்தேன். சீடியை ஒரு துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அது யுத்த காலம். மாத்தளைக்குக் கிட்ட ஆமி செக்பொயின்ட். வழக்கம்போல எல்லோரும் இறங்கி, பையும் அடையாள அட்டையுமாக வரிசையில் நடந்தோம். நமக்கு அந்த வரிசையில் எப்போதும் நெஞ்சு கொஞ்சம் வேகமாகத்தான் அடிக்கும். ஆமிக்காரத் தம்பி என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். சோறு இருக்க வேண்டிய இடத்தில் சீடி.

"மே மொகத்த அக்கே?" என்றார். இது என்ன அக்கா என்று.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். வாய்தான் வரவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "இதுக்குள்ள ஒரு கொம்பியூட்டர் இருக்கு மாத்தயா."

"இந்தத் தட்டுக்குள்ளயா? இத எங்க கொண்டு போறீங்க?"

"எங்க பிரஸ்ல இருக்கிற கொம்பியூட்டருக்குள்ள போடுறதுக்கு."

அவர் மற்றவரைக் கூப்பிட்டார். "அடே, இங்க வா. இந்த அக்கா கொம்பியூட்டருக்குச் சாப்பாடு கொண்டு போறாங்க!"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது, ஆனாலும் நெஞ்சின் படபடப்பு அடங்கிவிட்டது. அந்தத் தம்பி சீடியை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதில் முகம் தெரிகிறது என்று கண்டு, தொப்பியைக் கழற்றி, முடியைச் சரி பண்ணிக்கொண்டு திருப்பித் தந்தார். விரல் அடையாளத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனேன்.

4. வாடகை வீடு

மறுநாள் சீடியைப் போட்டோம். மெக் திரைக்கு நடுவில் ஒரு பெட்டி திறந்தது. அதற்குள் விண்டோஸ் மெதுவாக எழும்பியது. மெதுவாக என்றால், நானா பிளேன் டீ ஊற்றி, சீனி கலக்கி, குடித்தும் முடித்துவிட்டார்.

மாஸ்டர் பாடசாலையிலிருந்து தன்னுடைய ஃபொன்ட்டையும் கொண்டு வந்திருந்தார். "அக்கா, இதுல ரைட் கிளிக் பண்ணுங்க" என்றார்.

"இதுக்கு ரைட்டு லெஃப்ட்டு இல்லீங்க மாஸ்டர். ஒரே பொத்தான்தான்."

அவர் நம்பாமல் மெக்குடைய மௌஸைத் தூக்கித் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தார். "மத்தது எங்க?"

"அது வரும்போதே அப்பிடித்தான்" என்றார் நானா.

கடைக்காரர் காட்டித் தந்திருந்தார், ஒரு கீயை அமத்திக்கொண்டு கிளிக் பண்ணினால் அதுவே ரைட் கிளிக் என்று. அமத்தினேன். திறந்தது. மூடுகிற பொட்டு மெக்கில் இடது பக்கம், விண்டோஸில் வலது பக்கம். பழக்க தோஷத்தில் இடது பக்கத்தை அமத்தி, வாடகை வீட்டையே மூடிவிட்டேன். திரும்ப எழும்பும்வரை நானாவுக்கு இன்னொரு பிளேன் டீ.

ஃபொன்ட்டைப் போட்டு, மாஸ்டருடைய பிளொப்பியை உள்ளே திறந்தோம். மூன்று பேரும் திரைக்குக் கிட்டக் குனிந்தோம். மாஸ்டர்தான் வாசித்தார், பள்ளிவாசலில் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி:

"ஐந்து நேரத் தொ... ழு... கையை!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் நானா. பிறகு என் பக்கம் திரும்பி, "கோர்ஸ் செஞ்ச புள்ளைகள் அவங்கட ஊருலயே ஈக்கட்டும்" என்றார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

ஒவ்வொரு பக்கமும் பிரிண்டருக்கு வர நேரம் எடுத்தது. இருந்தும் நோன்பு பிறக்க முன்பே புத்தகம் யட்டவத்தைக்குப் போய்ச் சேர்ந்தது. பைண்டிங்கில் ஆள் போதாமல் கடைசிக் கட்டுகளுக்கு நானும் இறங்கிப் பின் அடித்தேன். அடித்துவிட்டு என் கதிரைக்குத் திரும்பி வந்தேன்.

5. நான் படித்துக்கொண்டது

அதற்குப் பிறகு எந்த மெஷினிலிருந்து என்ன வேலை வந்தாலும், ‘ரமழான் தொழுகை’ என்று அடித்து அனுப்பச் சொல்லி, முதலில் அந்த ஒரு வரியை மட்டும் பிரிண்ட் எடுத்துப் பார்ப்பேன். ஃபொன்ட்டின் பேர் ஒன்றாக இருப்பதை நம்பி வேலை எடுக்கக் கூடாது. இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். தெரியாத இடத்தில் தெரியாது என்று வாய் திறந்து சொல்லிவிட வேண்டும் என்பதும் ஒன்று. அதைப் படிப்பது எனக்கு மெஷினைப் படிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நத்தார்ப் பண்டிகைச் சமயம் எங்கள் கோயில் ஃபாதர் பாட்டுப் புத்தகத்தை பிளொப்பியில் கொண்டு வந்தார். அலுமாரியைச் சுற்றி நேரே என் மேசைக்கே வந்துவிட்டார். பிளொப்பியைப் போட்டதும் திரையில் அந்த வரி; பாட்டை டைப் பண்ணிய பிள்ளைக்கு நான் சொல்லி அடிப்பித்தது.

"என்ன செலினா, ரமழான் தொழுகையா? ஞாயித்துக்கிழம பூசைக்கு வருவாய்தானே?"

வேறு நாளாக இருந்தால் தலையைக் குனிந்திருப்பேன். அன்றைக்கு என்னவோ வாய் வந்தது.

"இத முதல்ல பாக்கலேன்னா உங்க பாட்டுல உள்ள ‘புகழ்’ எல்லாம் ‘புக்’ ஆயிடும் ஃபாதர். ஆண்டவருக்குப் புக், ஆண்டவருக்குப் புக்னு சனம் பாடும்."

ஃபாதர் சிரித்த சிரிப்பில் நானா மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "என்ன, என்ன?" என்றார்.

நான் இன்னொரு தரம் சொன்னேன்.