ஒரே பக்கத்தில் இரண்டு தனலட்சுமி

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் ஒல்லியானவர். காதில் செருகிய பென்சிலை எடுத்துத் திரையைத் தட்டித் தட்டித்தான் பேசுவார். எங்கள் குடும்பப் படங்களை ஒரே பக்கமாக இன்டர்நெட்டில் ஏற்றியிருந்தார். பெயரை அழுத்தினால் படம் வர வேண்டும். என் பெயரை அழுத்தினால் என் ஓரகத்தி சிரிக்கிறாள்! அவளும் தனலட்சுமிதான்.

"இன்னாப்பா இது? மூத்தவ நானு!"

"ரெண்டு பேருக்கும் ஒரே அடையாளம் வச்சிட்டேம்மா. எந்தப் பேரை அழுத்தினாலும் பக்கத்துல மேல இருக்கறவங்ககிட்டயே போய் நின்னுக்குது. உங்களுக்குன்னு தனியா ஒண்ணு சொல்லுங்க."

"ஒண்ணாம் நம்பர் போடு."

"நம்பர்ல ஆரம்பிச்சா ஏத்துக்காதும்மா."

"அப்ப பெரியம்மான்னு போடு."

போட்டார். என் முகம் வந்தது.

"அந்தப் பேரு எங்க தெரியும்ப்பா?"

"யாருக்கும் தெரியாதும்மா. கம்ப்யூட்டருக்கு மட்டுந்தான்."

அவராகவே எதையாவது போட்டிருக்கலாம். யாரும் பார்க்காத பெயருக்கு என்னை ஏன் அவ்வளவு மரியாதையாகக் கேட்டார் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.