ரோஜாவுக்குக் கொண்டுபோன மூட்டை

இன்று ராயப்பன்பட்டி பேருந்தில் மடியில் ஒரு சின்ன மூட்டையோடு உட்கார்ந்திருந்தேன். என் ரோஜாச் செடிகளுக்கான உரம்.

பக்கத்தில் இருந்த அக்கா, கேட்காமலே மூட்டை வாயைத் திறந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"மழை பேஞ்ச காடு கணக்கா மணக்குதே! எந்தத் தொழுவத்துல வாங்குன தம்பி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மாட்டு உரம் இல்லக்கா. நான் கழிவுநீரைச் சுத்தம் பண்ற எடத்துல வேல பாக்குறேன். தேனி பாதாளச் சாக்கடையில வர்ற கசடக் காயவச்சு, மக்கவச்சு, சோதிச்சு எடுத்தது."

அக்கா கையை உதறினார். முந்தானையில் இரண்டு முறை துடைத்தார். சின்னமனூர் வரை ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. எனக்கு மூட்டையை விட மனசு கனத்தது.

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தேனியில எந்தப் பக்கத்துச் சாக்கடை?"

"கடைவீதிப் பக்கமும் வரும்க்கா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அங்கனதான் எம் மகளக் கட்டிக்குடுத்திருக்கேன்! சம்பந்தி வீட்டுல தெனமும் கறியும் மீனுமாத்தான் சாப்பிடுவாக. சத்து இல்லாமயா இருக்கும்? எம் மல்லியப்பூச் செடிக்கு ரெண்டு பிடி போடு."

மஞ்சப்பையை விரித்தார். நாலு பிடி போட்டேன்.

எங்கள் ஆய்வக அறிக்கை எதிலும் இவ்வளவு உறுதியான சான்று இருந்ததில்லை.

தேனி நண்பர்களே, இன்று உங்கள் வீட்டில் என்ன சமையல்? வேலை விஷயமாகத்தான் கேட்கிறேன்.