ஆடிட் நாளில் மட்டும் திறக்கும் அறை

எங்கள் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால், கைரேகை வைக்கும் மிஷினுக்கு இடப்பக்கம் ஒரு மஞ்சள் கதவு. கதவுக்கு மேலே பலகை. பலகையில் பலூனைப் பிடித்துக்கொண்டு ஒரு யானை. வருடம் முழுக்க அந்தக் கதவு பூட்டியே கிடக்கும். உள்ளே பேக்கிங் அட்டைப்பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்கி வைத்திருப்பார்கள். குட்டி என்று அதற்குள் போய் வருவது பல்லிக்குட்டி மட்டும்தான்.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று சில மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

நானும் என் மனைவியும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்து, கல்லூரி வாசலையும் மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்புக்குக் கிடைத்தது முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில், கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு நாற்காலி. என் மனைவி அதே கம்பெனியில் பேட்லாக் டெய்லர். டீசர்ட்டின் கைமடிப்பும் கீழ்மடிப்பும் அவள் மிஷினைத் தாண்டித்தான் போக வேண்டும். என் வேலையைவிட அவள் வேலை மேல் என்பது என் எண்ணம். நான் அடிக்கிற மெயிலை யாரும் உடம்பில் போட்டுக்கொண்டு திரிவதில்லை.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது. அடுத்தவனுக்கு மூன்று. கடைக்குட்டி அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். "மூணா?" என்று கேட்காத ஆள் இந்த ஊரில் இல்லை. வீட்டு ஓனர் கேட்டார், மெடிக்கல் ஷாப்காரர் கேட்டார், கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பி, அவனுக்கே இன்னும் கல்யாணமாகவில்லை, அவனும் கேட்டான். முதலில் சிரித்துவைப்பேன். இப்போதெல்லாம் "ஆமா, மூணு" என்று சொல்லிவிட்டு எதிரே நிற்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களாகவே போய்விடுவார்கள்.

லைன் வீட்டில் எங்கள் காலை நேரத்தை ஒருநாள் வந்து பார்த்தால் தெரியும். பொதுக் குழாயில் நான் குடத்தோடு நிற்பேன். மனைவி ஒரு கையில் தோசைக் கரண்டியும் இன்னொரு கையில் சீப்புமாக நிற்பாள். மூத்தவளுக்குத் தலை பின்னி முடிப்பதற்குள் நடுவன் தன் சட்டையைக் கழற்றிப் பக்கெட்டுக்குள் முக்கியிருப்பான். தோசை வட்டமாக இல்லையென்றால் அவன் தொட மாட்டான். பிய்ந்த தோசையெல்லாம் என் தட்டுக்கு வரும். கடைக்குட்டி செருப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பாள். பைக்கில் டேங்க் மேல் யார் உட்காருவது என்று தினமும் ஒரு சண்டை. ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை வந்தாலும் சண்டை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் அந்த நேரம்தான் அன்றைய நாளில் நான் அதிகம் சிரிக்கிற நேரம்.

பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது அடுத்த வீட்டு அக்கா. ராமநாதபுரத்துக்காரர். வீட்டிலிருந்தபடியே பிசிறு வெட்டும் வேலை செய்துகொண்டு, எங்கள் மூன்று பேரையும் தன் பிள்ளைகள் மாதிரி மேய்ப்பார். அவருடைய மகளுக்குப் பிரசவ நேரம் வந்து ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வர மாதக்கணக்காகும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எங்களுக்கு இங்கே சொந்தம் என்று யாரும் கிடையாது. அங்கன்வாடியில் மதியம் தாண்டி வைத்துக்கொள்ள மாட்டார்கள். கடைக்குட்டியைச் சேர்க்கவே மாட்டார்கள்.

எங்கள் வரிசையிலேயே கடைசி வீட்டில் இரண்டு பிள்ளைகளை உள்ளே விட்டு, கையில் போனைக் கொடுத்து, வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் மூத்தவள் அதைப் பார்த்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் வந்து, "நீங்க பூட்டிட்டுப் போங்கம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். பெரிய மனுஷி மாதிரி தங்கச்சியை இடுப்பில் தூக்கிக் காட்டினாள். தூக்கிய வேகத்தில் இரண்டும் சேர்ந்து சாய்ந்தன. என் மனைவி அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் நான் பர்சனல் மேனேஜரிடம் போனேன். காப்பகத்தைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டேன். இத்தனை பெண்கள் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைத் தமிழில் டைப் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியதே நான்தான். அவர் உள்ளூர்க்காரர். இந்தப் பக்கத்து மரியாதை அவர் பேச்சில் சொட்டும். முழுவதையும் கேட்டுவிட்டு, நல்ல யோசனை, அடுத்த வாரம் ஆடிட் வருகிறது, அதற்காக அந்த ரூமைச் சுத்தம் பண்ணத்தான் போகிறோம், மூன்று பேரையும் தயங்காமல் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். அதோடு, "நானே உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேனுங்க தம்பி" என்றும் சொன்னார்.

நான் அதை எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் துணியை வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆட்கள் வந்து கம்பெனியைச் சோதிப்பதற்குத்தான் ஆடிட் என்று பெயர். ஆடிட்டை ஒட்டி ரூமைத் திறக்கிறார்கள், இனி தினமும் திறந்திருக்கும் என்று நம்பிவிட்டேன். மனைவியும் நம்பினாள். அந்த வாரத்தை ஆளுக்குப் பாதி நாள் லீவு போட்டுச் சமாளித்தோம். ஞாயிற்றுக்கிழமை அவள் தன் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து, தொட்டிலுக்கு என்று தனியாக எடுத்து வைத்தாள்.

ஆடிட் அன்று அந்த ரூமை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பெட்டிகளெல்லாம் போன இடம் தெரியவில்லை. புதுப் பெயிண்ட் வாசனை. தரையில் ரப்பர் பாய், சுவரில் பழங்களின் படம், மின்விசிறி, தொட்டில். ஒரு பிளாஸ்டிக் குதிரை, உட்கார்ந்தால் ஆடுகிற குதிரை. பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவுக்கு நீலச் சேலை கட்டி ஆயாவாக உட்கார வைத்திருந்தார்கள். அவர் பாவம், சும்மா இருந்து பழக்கமில்லாமல் பாயின் ஓரத்தில் பிசிறு நூல் தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. நடுவன் குதிரையில் ஏறியவன் இறங்கவில்லை. பாலும் பிஸ்கட்டும் அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கே போயின. டீ டைமில் என் மனைவி ஓடி வந்து கதவோரம் நின்று பார்த்தாள். கடைக்குட்டி தொட்டிலில் கால் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை எப்படி இருக்கிறதோ என்று நினைக்காமல் தைத்து எவ்வளவு காலமாயிற்று என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் பெண் மூத்தவளின் கன்னத்தைத் தட்டினார், போட்டோ எடுத்தார், நல்லது நல்லது என்றார். மேனேஜர் என் தோளில் கை போட்டு, "ஒரே ஊட்டுல மூணு கெடைச்சுது. இல்லீன்னா நான் எத்தன ஊடு ஏறி எறங்கறது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று பிள்ளை இருப்பதற்காக என்னை ஒருவர் பாராட்டியது அன்றுதான்.

ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியது. பிள்ளைகளுக்கு இன்னும் செருப்புகூட மாட்டவில்லை. ஒரு ஆள் சாக்கோடு உள்ளே வந்து பொம்மைகளை அள்ளிப் போட ஆரம்பித்தார். பெருமாநல்லூரில் இன்னொரு கம்பெனிக்கு மறுநாள் ஆடிட்டாம். பாய், படம், தொட்டில், குதிரை எல்லாம் வாடகைச் சாமான்கள். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் போவது மாதிரி கம்பெனி கம்பெனியாகப் போகுமாம். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என் மகன் கத்தினான். அந்த ஆள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். மேனேஜர் குனிந்து, "அழுவாத சாமி, நாளைக்கு வேற வாங்கித் தாரேன்" என்றார்.

நாளைக்கு என்று அவர் சொன்னதை என் பிள்ளைகள் கேட்டார்கள். நானும்தான் கேட்டேன். பொம்மை போனால் போகிறது, ரூம் இருக்கிறதே என்று நினைத்தேன். அதனால் மறுநாள் காலையில் மூன்று பேரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனோம். தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, தொட்டில் சேலை. மஞ்சள் கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அட்டைப்பெட்டிகள் பாதி உயரம் திரும்பி வந்திருந்தன.

மேனேஜர் வந்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏனுங்க தம்பி, படிச்சவரு நீங்களே இப்பிடிப் பண்ணலாமுங்களா" என்று வருத்தமாகக் கேட்டார்.

என் மனைவி கடைக்குட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "இந்தப் பலகைய நாங்களா மாட்டுனோம்? நீங்கதான மாட்டிருக்கீங்க" என்றாள்.

"பலகை பையருக்குங்கம்மா. கொழந்தைகளுக்கு ஊடு இருக்குதுங்களே." மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டோட நிறுத்தியிருந்தீங்கன்னா இந்தச் செரமமே இல்லீங்களே" என்றார்.

முந்தின நாள் மூன்று என்பது அவருக்கு லாட்டரி. ஒரு பொழுது விடிவதற்குள் அது எங்கள் தப்பாகிவிட்டது. இதை நான் அவரிடம் அங்கேயே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கைரேகை வைக்க நின்ற வரிசை திரும்பிப் பார்த்தது. அவர் "சரிங்க, சரிங்க" என்றபடி உள்ளே போய்விட்டார். மரியாதையாகப் பேசுகிற ஆளிடம் சண்டை போட்டால் சண்டை போட்டவன்தான் முரடன் ஆகிறான். இந்த ஊரில் நான் கற்றுக்கொண்ட பாடங்களில் எனக்குப் பிடிக்காதது இது.

என் மனைவி அன்று கைரேகை வைக்கவில்லை. பிள்ளைகளோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு ஊரிலிருந்து ஒவ்வொருவராகப் போன் போட்டார்கள். என் அப்பா, அவள் அண்ணன், சித்தி. எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள்: சின்னது பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் அவள் வீட்டில் இருக்கட்டும். என்னை வீட்டில் இருக்கச் சொல்லி ஒருத்தரும் போன் போடவில்லை. பிள்ளைகள் எனக்கும்தானே பிறந்தன என்று அப்பாவிடம் கேட்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

அவள் மட்டும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அந்த வாரமே எங்கள் அடுத்த தெருவில் ஒரு பவர் டேபிளில் சேர்ந்துவிட்டாள். பெரிய கம்பெனிகளிலிருந்து துணி வாங்கித் தைத்துக் கொடுக்கும் சின்ன இடம் அது. ஒரு வீட்டின் முன்ஹாலில் வரிசையாக மிஷின் போட்டிருப்பார்கள். அங்கே பலகை கிடையாது, ஆடிட் கிடையாது, நோட்டீஸ் போர்டும் கிடையாது. நடத்துகிற அம்மா அவளிடம் கேட்டது ஒன்றுதான்: "கொழந்தைக சோறு கொண்டாருமா, நான் ஆக்கட்டுமா கண்ணு?"

முதல் நாள் மதியம் நான் போய்ப் பார்த்தேன். மிஷின்களுக்கு நடுவே துணிக் குவியலில் என் மகன் உருண்டுகொண்டிருந்தான். தூக்கிப் போட்ட வெட்டுத் துண்டுகளை மூத்தவள் நிறம் நிறமாகப் பிரித்துக் கடை போட்டிருந்தாள். கடைக்குட்டி பனியன் வேஸ்ட்டின் மேல் தூங்கினாள். புருவத்திலும் இமையிலும் பஞ்சு வெள்ளையாகப் படிந்திருந்தது. மூச்சு விடும்போது மூக்கு நுனியில் ஒரு இழை ஆடியது. எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியாது. இது பிள்ளை வளர்க்கிற இடமா, கிளம்பு, வீட்டுக்குப் போகலாம் என்று சத்தம் போட்டேன்.

அவள் மிஷினை நிறுத்தினாள். "போயி? பூட்டிட்டு வரவா?" என்றாள். "இங்க தூசிதான். தலையத் தூக்கினா மூணும் கண்ணுல படுது. அங்க போய்ச் சண்ட போடுங்க, இங்க போடாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தாள்.

அங்கே போய் நான் சண்டை போடவில்லை. எழுதிக் கொடுத்தேன். ரூமைத் திறக்க வேண்டும் என்று என் பெயரில் எழுதி, செக்கிங்கிலும் தையலிலும் பிள்ளை வைத்திருக்கிற பெண்களிடம் கையெழுத்துக் கேட்டேன். சிலர் போட்டார்கள். சிலர் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். மேனேஜர் அதை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். சில வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். பதில் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று போனேன். பெருமாநல்லூரில் இருக்கிற நம் கம்பெனியின் இன்னொரு யூனிட்டில் ஆடிட், பிள்ளைகளை ஒரு நாளைக்கு அனுப்பி வைக்க முடியுமா, அவர்கள் நன்றாகப் பழகிவிட்டார்கள், கார் அனுப்புகிறேன் என்றார்.

இல்லை என்றேன். தினமும் திறப்பதாக இருந்தால் அனுப்புகிறேன், ஒரு நாளைக்கு என்றால் என் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்றேன். அவர் அதே மரியாதையோடு, "சரிங்க தம்பி, வேற ஊட்டுல கேட்டுக்கறேன்" என்றார். எனக்கு இன்னும் வேலை போகவில்லை. போனால் அதையும் எழுதுவேன்.

இப்போது தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் பவர் டேபிளுக்குப் போய்விடுகிறேன். ஈரத் துணியால் தரையைத் துடைக்கிறேன். ஜன்னலில் நனைத்த சேலையைக் கட்டுகிறேன். மிஷின் பெல்ட்டுக்குக் கை எட்டாத மூலையில், கடைக்குட்டிக்குத் தொட்டில் கொக்கி அடித்திருக்கிறேன். தையல் பெண்கள் என்னைப் பார்த்ததும், "ஆடிட் ஆபீசர் வந்துட்டாரு, எல்லாம் ஒழுங்கா உக்காருங்கடி" என்று கிண்டல் செய்வார்கள். என் மனைவி தலை நிமிராமல், "சம்பளமில்லாத ஆபீசர்" என்பாள். நான் கடைக்குட்டியின் மூக்கைத் துடைக்கிறேன். துடைக்கத் துடைக்கத் தும்முகிறாள். நடுவன் சோற்றுக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறான்.