பனைக்குக் கீழே காய்ந்த பட்டு

நேற்று ஆரணியில் ஒரு கல்யாணம். கூறைப்புடவைத் தட்டு என் கைக்கு வந்ததுமே அந்தப் புதுப்பட்டு வாடை குமட்டியது. மண்டபம் நிற்கும் அந்த இடத்தில்தான் முன்பு எங்கள் சாயப்பட்டறை இருந்தது. அதன் பனைமரத்தில், காக்கை விட்டுப்போன கூட்டில், செந்தலை வல்லூறு ஜோடியொன்று குடியிருந்தது. ஒன்று இரையை விரட்டும், மற்றது அடிக்கும். பிய்த்தெறிந்த குருவித்தலையும் வௌவால் இறக்கையும் எச்சமும், கீழே காயும் ஈரப் பட்டுநூலில் சொத்துச் சொத்தென்று விழுந்து ஒட்டிக்கொள்ளும். அத்தை இரண்டு விரலால் எடுத்து வீசுவாள்.

“சீ, கருமம்! பாத்துகினு நிக்காதடி, ஜல்தியா அலசு. காஞ்சிட்டா யாருக்குத் தெரியப்போவுது?”

அலசிய நூல் தறிக்குப் போய்விடும்.

“கண்ணுல ஒத்திகினு குடுங்க,” என்று தட்டுக்குக் கைநீட்டினாள் மண்டபத்தில் என் பக்கத்தில் இருந்தவள்.

மூச்சை அடக்கிக்கொண்டு ஒற்றிக்கொண்டேன்.