பீப்பாய்க்காரருக்கு ஒரு போன்

பிரபஞ்சத்தின் பெரும்பகுதியைக் காணவில்லை. அதைத் தேடும் பொறுப்பில் பாதியை நம் மெக்கானிக் ஏற்றிருந்தார். மீதியை விஞ்ஞானிகள் பார்த்துக்கொண்டார்கள்.

பிரிட்ஜ் ரிப்பேரில் தொடங்கிய கைராசி அவரைப் பூமிக்கடியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கொண்டுபோய் இறக்கியிருந்தது. அங்கே பத்து டன் செனான் வாயுவைக் குளிரவைத்து, மைனஸ் நூறு டிகிரியில் திரவமாகத் தொட்டியில் அடைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் துகள் ஒன்று வந்து முட்டினால் மினுக்கென்று வெளிச்சம் வரும். பதினோரு வருடமாக வரவில்லை. சூரியனிலிருந்து நியூட்ரினோக்கள் மட்டும் எப்போதாவது தலைகாட்டிவிட்டுப் போயின. குளிர் குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஏங்குவது சம்பளமில்லாத உபவேலை.

அந்தத் தொட்டிக்கு 'பீப்பாய்' என்று பெயர் வைத்தவள் மகள். அவளுடைய கல்யாணப் பதிவன்று, ஒரு ரிப்பேருக்குப் பிறகு செனான் மறுபடி திரவமாகிக்கொண்டிருந்ததால் இவர் மேலே வரவில்லை. கோபித்துக்கொண்டு போனவள் மூன்று வருடமாகப் பேசவில்லை.

ஒருநாள் திரையில் கச்சிதமான சிக்னல்.

"மேடம்! வந்துடுச்சு!"

"குதிக்காதீங்க" என்றார் தலைமை விஞ்ஞானியம்மா. "நம்மள நாமே ஏமாத்திக்கக் கூடாதுன்னு நடுநடுவுல பொய் சிக்னலும் போட்டு வைப்போம். எது நிஜம்னு வருஷக் கடைசியிலதான் தெரியும்."

"அதுவரைக்கும்?"

"நிஜம்னு நினைச்சே வேலையப் பாருங்க."

இந்த ஏற்பாடு மெக்கானிக்குக்கு ரொம்பப் பிடித்துப்போய், உடனே வீட்டில் அமல்படுத்தினார். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவியிடம், "பாப்பா எனக்கு போன் பண்ணினா. உன் முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டா" என்றார்.

"வலி வந்தே ஆறு மாசம்தான் ஆகுது. அவளுக்கு யார் சொன்னா?" மெஷின் நிற்கவில்லை. "புளுகறதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்."

பரிசோதனை படுதோல்வி. ஒரு மாதம் கழித்து, அவர் செருப்பைக் கழற்றும்போதே மனைவி சொன்னாள்: "இன்னிக்கு அவ பேசினா. அப்பா இன்னும் அந்தப் பீப்பாயையே பாத்துட்டு உக்காந்திருக்காரான்னு கேட்டா."

மெக்கானிக் அந்தப் பேச்சில் ஓட்டை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. மனைவியின் போன் மெஷின் ஓரமாகவே கிடந்தது. அழைப்புப் பட்டியலைத் தட்டினால் தெரிந்துவிடும். அவர் கை அதன் பக்கம்வரை போயிற்று. அங்கே சாய்ந்து கிடந்த நூல்கண்டை நிமிர்த்திவைத்துவிட்டுத் திரும்பி வந்தது.

"குரல் எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் ஜலதோஷம்."

விஞ்ஞானத்துக்குச் சற்றும் அடுக்காத அவசரத்தோடு அவர் கேட்டார்: "மாத்திரை போட்டாளாமா?"