மேசைக்கடியில் ஒரு சப்பாத்து

எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்ணில் டண்டினொங் பக்கத்துத் தையல் தொழிற்சாலை ஒன்றில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்தவள் நான். என் படிப்புக்கு மெல்பேர்ணில் மதிப்பில்லை என்றார்கள். கணவர் வீதி போடும் வேலையில் எஞ்சினியர். மாதத்தில் மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், எங்கோ நாட்டுப்புறத்தில் தங்கியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனை டெலிபோன் பெட்டிக்குள் நான் காத்துநிற்க, அங்கிருந்து அழைப்பார்.

"சாப்பிட்டனீரோ?"

"ஓம்."

"அங்கை குளிரோ?"

"ஓம். உங்களுக்கு?"

"இஞ்சை பரவாயில்லை. அடுத்த கிழமை வாறன்."

ஒரு கிழமைக்கான என் தமிழ் அவ்வளவுதான். மீதி நாட்களை 'யெஸ்', 'தாங்க் யூ', 'சொரி' என்ற மூன்று சொற்களில் கழித்தேன். சில மாலைகளில் குசினிக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் எதையாவது தமிழில் சொல்லிப் பார்ப்பேன். அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாதே என்ற வெட்கம்.

ஒருநாள் காலை, துணிக்கட்டுகளுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. மெஷின் இரைச்சலில் இரண்டு சொற்கள்தான் தெளிவாக விழுந்தன. சப்பாத்து. மேசை.

தையலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அங்கே, என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு கட்டையான பெண், வெட்டுமேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஒரு காலில்தான் சப்பாத்து இருந்தது. மற்றக் கால் வீங்கியிருந்தது.

"நீங்கள் தமிழோ?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்து, "சொரி. இங்கிலிஷ் நோ குட்" என்றாள்.

நான் கேட்டதை இங்கிலிஷ் என்று நினைத்துவிட்டாள். குனிந்து அவளுடைய சப்பாத்தை எடுத்துக் கொடுத்தேன். என் இடத்துக்குத் திரும்பி, பாதியில் விட்ட காலரைத் தைக்கத் தொடங்கினேன்.

மத்தியானம் அவளாகவே வந்து என்னைத் தங்கள் மேசைக்குக் கூட்டிப்போனாள். சிலி நாட்டுக்காரி. ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கணவனோடு புறப்பட்டு வந்தவள். அந்த மேசையில் ஆறேழு பேர், எல்லாரும் ஸ்பானியம் பேசுகிறவர்கள். அவள் பாண் ரொட்டியைப் பிய்த்து என் பக்கம் நீட்டி, "பான்" என்றாள்.

"பாண்" என்றேன் நான்.

அவள் கண் விரிந்தது. நான் மேசையைத் தட்டி "மேசை" என்றேன். "மேசா!" என்று கத்தினாள். அவள் காலைக் காட்டிச் "சப்பாத்து" என்றேன். "சப்பாத்தோ!" போர்த்துக்கீசர் எங்கள் கரையில் விட்டுப்போன சொற்கள் அவை என்றும், அவர்கள் பாஷையும் ஸ்பானியமும் சகோதரிகள் என்றும் எனக்குத் தெரியும். அதை அவளுக்கு விளங்கப்படுத்த எங்கள் இருவரிடமும் போதிய இங்கிலிஷ் இருக்கவில்லை. உற்சாகத்தில் நான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தட்டி "கதிரை" என்றேன். மேசை முழுவதும் வெடித்துச் சிரித்தது. அவள் எழுந்து நின்று தன் இடுப்பில் கைவைத்து, "கதேரா, கதேரா" என்று ஆட்டிக் காட்டினாள். அவர்களுக்கு அது இடுப்பு. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நாட்டுக்கு வந்தபின் அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு தினமும் அவர்களோடுதான் சாப்பாடு. அவர்கள் பேச்சைக் கவனிப்பேன். ஸ்பானியத்தில் தொடங்கிய வாக்கியம் பாதியில் 'ஓவர்டைம்' என்று திரும்பும், 'பொஸ்' என்று சுழிக்கும், பிறகு ஸ்பானியத்திலேயே போய் முடியும். வேலை நேரத்தில் இங்கிலிஷ் மட்டும்தான் பேசவேண்டும் என்று மேற்பார்வையாளர் ஒருநாள் சத்தம் போட்டார். "யெஸ், பொஸ்" என்று பணிவாகத் தொடங்கி, அதே மூச்சில் ஸ்பானியத்தில் அவரைத் திட்டித் தீர்த்து, "தாங்க் யூ, பொஸ்" என்று முடித்தாள் அவள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிடிக்க ஆள் இருப்பதால்தானே அவர்கள் இரண்டு பாஷைகளையும் இப்படி எறிந்து விளையாடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. என் தமிழில் ஒரு கலப்பும் இல்லை. பெட்டிக்குள் மடித்துவைத்த கூறைச்சேலைபோல அப்படியே கிடந்தது. அதில் பெருமைப்பட ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குளிர்காலத் திங்கட்கிழமை ஒன்றில் அவள் மெஷினைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கடிதம். என்னவென்று கேட்டேன். அவள் பேசத் தொடங்கினாள். ஒரு இங்கிலிஷ் சொல்கூட இல்லாத ஸ்பானியம், நிற்காமல் வந்தது. எனக்குத் தெரிந்த சொல் ஒன்றாவது வராதா என்று காத்திருந்தேன். மேசை வரவில்லை, பாண் வரவில்லை. 'மமா' என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. அது போதுமாயிருந்தது.

மற்றவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நான் ஒரு கிளாஸ் தண்ணீரோடு அந்த வட்டத்துக்கு வெளியே நின்றேன். 'சொரி' என்று வாய்வரை வந்தது. பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்கிற அதே சொல். சொல்லவில்லை. அவர்கள் மெஷின்களுக்குத் திரும்பியபின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அழுங்கோ அக்கா. நல்லா அழுங்கோ" என்றேன். பிறகு என்னையறியாமலே என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நான் விமானம் ஏறிய அன்று அவ வாசலுக்கு வரமாட்டன் என்று உள்ளே இருந்துவிட்டதை, இவருக்குக்கூடச் சொல்லாததை, தமிழில் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வசந்தம் வந்தபோது அவள் கணவனுக்கு சிட்னியில் வேலை கிடைத்தது. கடைசி நாளில் விலாசம் எழுதித் தந்தாள், நானும் என்னுடையதைக் கொடுத்தேன். மூன்று தடவை கடிதம் எழுத உட்கார்ந்தேன். எந்தப் பாஷையில் எழுதுவது என்று தெரியவில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவளிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை.

இன்னும் இரண்டு வருடம் அங்கே வேலை செய்தேன். அந்த மேசையில் எனக்கு இடம் இருந்தது. எனக்காகச் சொற்களை நிறுத்திக் காட்ட மட்டும் ஆள் இல்லை. காதுபழகிப் பாதி விளங்கும். எல்லாரும் சிரித்து ஓய்கிற நேரத்தில்தான் பகிடி எனக்கு விளங்கும். அப்போது தனியாகச் சிரிப்பேன்.